ஒளிப்படக் கன்சர்வேட்டராக வேலைக்குச் சேருகிறீர்களா? முதல் ஆண்டுக்கு ஒரு வழிகாட்டி

அருங்காட்சியகத்தில் பழைய ஒளிப்படங்களைப் பாதுகாக்கும் வேலை என்றதும், கிழிந்த படத்தை ஒட்டுவதும் மங்கிய முகத்தை மீட்பதும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நானும் அப்படி நினைத்துத்தான் சேர்ந்தேன். முதல் மாதம் என் கையில் கொடுத்தது ஓர் உருப்பெருக்கி, ஒரு பென்சில், நாற்பது படங்கள் இருந்த ஒரு பெட்டி. "இவை என்னென்ன என்று எழுதிக் கொண்டு வாருங்கள், எதையும் சரி செய்ய வேண்டாம்" என்றார் எனக்குக் கற்றுக் கொடுத்தவர். இந்த வேலையின் முக்கால் பங்கு அதுதான் என்று புரிய ஓராண்டு ஆயிற்று. புதிதாக வருபவர்களுக்கு அந்த ஓராண்டைக் கொஞ்சம் சுருக்கிக் கொடுக்கவே இதை எழுதுகிறேன்.

மேசையும் கையும்

படத்தை எடுப்பதற்கு முன் மேசையைத் துடைத்து, சுத்தமான வெள்ளை ஒற்றுத்தாள் ஒன்றை விரியுங்கள். பேனா அந்த அறைக்குள்ளேயே வேண்டாம், பென்சில் மட்டும் போதும். தண்ணீர் பாட்டில் வேறு மேசையில் இருக்கட்டும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிடுங்கள். குனியும்போது அது ஊசலாடி, படத்தின் மேல் மெல்லிய கோடு ஒன்றை இழுத்துவிடும். படத்தைத் தாங்கி நிற்கும் ஜெலட்டின் படலத்தின் பரப்பில் விழுந்த கோடு விழுந்ததுதான்.

கையுறை என்றால் நைட்ரைல் கையுறை. பருத்திக் கையுறை பார்க்க மரியாதையாக இருந்தாலும் அதன் நூல், பெயர்ந்து நிற்கும் எமல்ஷனில் (படம் பதிந்திருக்கும் மேற்படலம்) மாட்டும், கண்ணாடித் தட்டு வழுக்கும். படத்தை மூலையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. அடியில் ஓர் அட்டையைச் செருகி, அட்டையோடு தூக்குங்கள். திருப்பிப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு அட்டைகளுக்கு நடுவே வைத்து, இரண்டையும் சேர்த்துத் திருப்புங்கள்.

இது என்ன வகைப் படம்?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் படத்தின் மேல் எதையும் செய்யக் கூடாது. ஒரு படத்துக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்கு நஞ்சு. ஜெலட்டின் தண்ணீரில் ஊதிப் பிசுபிசுக்கும், ஆல்கஹாலைத் தாங்கும். படத்தைத் தாங்கும் இன்னொரு வகைப் படலமான கொலோடியன் நேர்மாறு. அதைக் கரைத்துச் செய்வதே ஆல்கஹாலும் ஈதரும் கலந்த திரவத்தில்தான். கண்ணாடி அழுக்காக இருக்கிறதே என்று 1850களின் கொலோடியன் தட்டில் ஆல்கஹால் நனைத்த பஞ்சை வைத்தால், அழுக்கோடு முகமும் போய்விடும்.

30 மடங்கு உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு, படத்தின் வெளிச்சமான பகுதியையும் ஓரத்தையும் பாருங்கள். தாளின் நார் தெளிவாகத் தெரிகிறதா, படம் நாருக்குள்ளேயே ஊறியதுபோல் இருக்கிறதா, மேலே பளபளப்பு ஏதும் இல்லையா? அப்படியானால் உப்புத்தாள் படமாக இருக்கலாம். வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் காலத்து முறை அது. நார் தெரிகிறது, ஆனால் அதன் மேல் மெல்லிய பளபளப்பான படலமும் அதில் சன்னமான வெடிப்புகளும் இருந்தால் முட்டை வெண்கருவில் செய்த அல்புமென் படம். 1850இல் லூயி பிளாங்கார்-எவ்ரார் அறிமுகப்படுத்திய இந்த முறைதான் அந்த நூற்றாண்டின் பெரும்பகுதியை ஆண்டது. தாள் மிக மெல்லியது, அப்படியே விட்டால் சுருண்டுகொள்ளும். அதனால்தான் பெரும்பாலும் தடித்த அட்டையில் ஒட்டியே கிடைக்கும். வெளிச்சமான பகுதிகள் மஞ்சளித்திருப்பது இதன் வழக்கமான முகம்.

நார் தெரியவே இல்லையென்றால், தாளுக்கும் படத்துக்கும் நடுவே பேரியம் சல்ஃபேட் கலந்த வெள்ளைப் பூச்சு இருக்கிறது என்று பொருள். 'பரைட்டா' என்பார்கள். அதற்கு மேல் ஜெலட்டின் இருக்கலாம், கொலோடியனும் இருக்கலாம். நிறம் ஒரு குறிப்புத் தரும். வெயிலில் நேரடியாகப் படிந்து உருவான படங்கள் பழுப்பு, ஊதா கலந்த சாயலில் இருக்கும். இருட்டறையில் டெவலப் செய்தவை கறுப்பு வெள்ளையாக இருக்கும். ஆனால் டோனிங் செய்த (வேதிக் கரைசலில் நிறம் மாற்றிய) படங்கள் இந்தக் கணக்கை ஏமாற்றும் என்பதால் நிறத்தை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

பெட்டிக்குள் கண்ணாடியோடு வரும் சிறு உருவப்படங்கள் தனி ரகம். சாய்த்துப் பார்க்கும்போது கண்ணாடியில் பார்ப்பதுபோல் உங்கள் முகம் தெரிந்து, ஒரு கோணத்தில் படம் நெகட்டிவாக மாறினால் அது டாகரோடைப். வெள்ளி பூசிய செப்புத் தகடு. மாறவில்லையென்றால் கண்ணாடியில் எடுத்த ஆம்ப்ரோடைப் ஆகவோ இரும்புத் தகட்டில் எடுத்த டின்டைப் ஆகவோ இருக்கலாம். சிறு காந்தத்தைப் பெட்டியின் அருகே கொண்டுபோனால் இரும்பு சொல்லிவிடும், உரசாமல் பிடித்தால் சரி. டாகரோடைப்பின் பரப்பை மென்மையான தூரிகைகூடத் தொடக் கூடாது. அதன் பெட்டியைத் திறப்பதும் முதல் ஆண்டு வேலை இல்லை.

புற ஊதா விளக்கு ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். தாளை வெண்மையாகக் காட்டச் சேர்க்கும் ஒளிர்விப்பான்கள் 1950களில்தான் ஒளிப்படத் தாளுக்குள் வந்தன. புற ஊதா ஒளியில் அவை நீலமாக ஒளிரும். குழந்தைத் தொழிலாளர்களைப் படமெடுத்த லூயிஸ் ஹைன் 1940இல் இறந்துவிட்டார். அவர் கையாலேயே அச்சிட்டவை என்று விற்கப்பட்ட சில படங்கள் இப்படி ஒளிர்ந்தபோதுதான், அவை அவர் காலத்துக்குப் பின் அச்சிடப்பட்டவை என்று தெரிய வந்தது.

அமெரிக்காவின் ராச்செஸ்டரில் உள்ள இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட் நடத்தும் கிராஃபிக்ஸ் அட்லஸ் என்ற இணையதளத்தில் ஒவ்வொரு முறையும் உருப்பெருக்கியில் எப்படித் தெரியும் என்ற படங்கள் இருக்கின்றன. கண் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அப்படியும் உறுதியில்லை என்றால் 'அடையாளம் உறுதியில்லை' என்றே எழுதுங்கள். தவறான பெயரைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டால் அடுத்து வருபவர் அதை நம்பி மருந்தை எடுப்பார்.

நிலை அறிக்கை

படத்துக்கு ஒரு மருத்துவக் குறிப்பு எழுதுவது போன்றதுதான் இது. பதிவு எண், வகை, அளவு, எதில் ஒட்டியிருக்கிறது, முன்புறம், பின்புறம், ஓரங்கள். எதையும் இடத்தோடு எழுதுங்கள். 'கிழிந்துள்ளது' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. 'வலது ஓரத்தில், மேலிருந்து 6 செ.மீ. கீழே, 2.3 செ.மீ. நீளக் கிழிசல், தாள் முழுவதும் அறுந்துள்ளது, எமல்ஷன் பெயரவில்லை' என்று எழுதினால், ஐந்து ஆண்டு கழித்து அந்தக் கிழிசல் நீண்டிருக்கிறதா என்று அளந்து பார்க்கலாம்.

நேர் வெளிச்சத்தில் ஒரு படமும், பக்கவாட்டிலிருந்து தாழ்வாக வரும் வெளிச்சத்தில் ஒரு படமும், பின்புறத்தை ஒன்றும் எடுத்து வையுங்கள். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் அலையும் புடைப்பும் பெயர்ந்த எமல்ஷனும் எழுந்து நிற்கும்.

ஜெலட்டின் படங்களின் ஓரத்தில், கறுப்பான பகுதிகளின் மேல், நீலம் கலந்த உலோகப் பளபளப்பைப் பார்ப்பீர்கள். அதற்கு வெள்ளிப் படிவு என்று பெயர். காற்றிலுள்ள மாசும் ஈரமும், மட்டமான அட்டையிலிருந்து வரும் ஆவிகளும் படத்தின் வெள்ளியை ஆக்ஸிஜனேற்றம் செய்கின்றன. அயனியாக மாறிய வெள்ளி நகர்ந்து மேற்பரப்புக்கு வந்து மறுபடி உலோகமாகிறது. புதியவர்களுக்கு அதைத் துடைத்துவிடலாம் போலத் தோன்றும். துடைத்தால் போவது அழுக்கில்லை, படத்திலிருந்து வெளியே வந்த வெள்ளி. அதை எழுதி வைத்துவிட்டு அப்படியே விடுங்கள்.

பின்புறத்தை ஒருபோதும் அவசரமாகப் பார்க்காதீர்கள். ஸ்டூடியோ முத்திரை, பத்திரிகை அலுவலகத்துச் சிவப்புப் பென்சில் கோடு, ஒட்டிய செய்தித் துண்டு எல்லாமே அந்தப் படம் எங்கெல்லாம் வாழ்ந்தது என்பதற்கான சாட்சி. 'சுத்தம் செய்தேன்' என்று யாரோ அழித்துவிட்ட ஒரு பென்சில் வரியின் தடத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எழுத்தெழுத்தாகப் படித்தெடுக்க எனக்கு ஒரு மதியம் முழுக்கத் தேவைப்பட்டது. கடைசிச் சொல் கிடைக்கவே இல்லை. அதில்தான் அந்தப் பெண்ணின் பெயர் இருந்தது.

தூசி தட்டுவது

ஆட்டு முடித் தூரிகை, ரப்பர் ஊதுகுமிழ் இரண்டும் போதும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, அழுத்தாமல் துடையுங்கள். அதற்கு முன் உருப்பெருக்கியில் பாருங்கள், எமல்ஷன் எங்காவது செதிலாக நிற்கிறதென்றால் தூரிகையைக் கீழே வைத்துவிடுங்கள். அழிப்பான் தூளைப் பின்புறத்தில் மட்டும், எழுத்தோ முத்திரையோ இல்லாத இடத்தில் மட்டும் பயன்படுத்தலாம்.

பூஞ்சணம் இருந்தால் கதை வேறு. ஜெலட்டின் அதற்கு நல்ல சாப்பாடு. உயிருள்ள பூஞ்சணம் ஈரமாக, மெத்தென்று இருக்கும், தூரிகை பட்டால் பூசிக்கொள்ளும். அந்தப் படத்தை மற்றவற்றிலிருந்து பிரித்து, காய்ந்த இடத்தில் வைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு மூத்தவரைக் கூப்பிடுங்கள். பூஞ்சணம் தின்ற இடத்தில் ஜெலட்டின் தண்ணீரில் கரையும் அளவுக்குப் பலவீனமாகிவிடும் என்பதால் ஈரத்துணி என்ற எண்ணமே வர வேண்டாம்.

ஒரு கிழிசலை ஒட்டும் விதம்

முதல் சில மாதங்களுக்குப் பிறகு, மதிப்புக் குறைந்த பயிற்சிப் படங்களில் இதைச் செய்து பார்க்கச் சொல்வார்கள். பரைட்டா தாளில் உள்ள சாதாரண ஜெலட்டின் படம் என்று வைத்துக்கொள்வோம்.

கிழிசல் நேர்க்கோடாக வெட்டியதுபோல் இருக்காது. தாள் சாய்வாகக் கிழிந்திருக்கும், ஓர் உதடு மேலேயும் மற்றது கீழேயும் வர வேண்டும். உருப்பெருக்கியில் பார்த்து, எது மேலே வரும் என்று முதலில் தீர்மானியுங்கள். மாற்றி வைத்தால் படத்தில் வெள்ளைக் கோடு ஒன்று நிரந்தரமாகத் தெரியும். சரியாகப் பொருத்தினால் கிழிசல் பாதிக்கு மேல் தானாகவே மறைந்துவிடும். அந்த நொடி இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது.

படத்தை முகம் கீழாக, வழுவழுப்பான பாலியெஸ்டர் தாளின் மேல் வையுங்கள். ஜப்பானியக் கோசோ தாளில் ஒட்டுப்பட்டை எடுக்க வேண்டும். கத்தரியால் வெட்டாதீர்கள். தூரிகையால் தண்ணீர்க் கோடு போட்டு, மெதுவாக இழுத்துப் பிரியுங்கள். ஓரத்தில் நார்கள் மயிர்போல நீண்டு நிற்கும். வெட்டிய ஓரம் காலப்போக்கில் முன்பக்கம் ஒரு வரியாகப் புடைத்துத் தெரியும், நார் ஓரம் தெரியாது. கோதுமை மாவுச்சத்துப் பசையை நன்றாகச் சலித்து, மோர்ப் பதத்துக்கும் கொஞ்சம் கெட்டியாக எடுத்துக்கொள்ளுங்கள். பட்டையில் பசை தடவியதும் அதை அரை நிமிடம் ஒற்றுத்தாளில் கிடத்துங்கள். கூடுதல் ஈரத்தை அது உறிஞ்சிவிடும். ஈரம் தாளைக் கடந்து ஜெலட்டின் வரை போகக் கூடாது என்பதற்குத்தான் இந்த அரை நிமிடம்.

இடுக்கியால் பட்டையைக் கிழிசலின் மேல் வைத்து, நெய்யாத பாலியெஸ்டர் துணி ஒன்று, ஒற்றுத்தாள் ஒன்று, சின்ன எடை ஒன்று. ஐந்து நிமிடத்தில் ஒற்றுத்தாளை மாற்றுங்கள், பிறகு இன்னொரு முறை. அப்புறம் குறைந்தது ஒரு மணி நேரம் தொடாதீர்கள். செய்ததை அறிக்கையில் எழுதுங்கள், எந்தத் தாள், எந்தப் பசை என்பதோடு. நாளைக்கு ஒருவர் அதைப் பிரிக்க நினைத்தால் சிறிது ஈரத்தில் பிரியும். அதற்காகத்தான் மாவுப் பசை.

பிளாஸ்டிக் பூச்சுள்ள 1970களுக்குப் பிந்தைய தாளில் மாவுப் பசை பிடிக்காது. ஒட்டுநாடா எந்தப் படத்துக்கும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். ஏற்கெனவே ஒட்டியிருக்கும் பழைய நாடாவை எடுப்பது கரைப்பான் வேலை, கைதேர்ந்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வேண்டியது. மங்கிய படத்தை வேதிப்பொருளால் மறுபடி அடர்த்தியாக்குவதை இன்று யாரும் செய்வதில்லை. நல்ல ஸ்கேன் எடுத்து, கணினியில் அந்த நகலைச் சரிசெய்யலாம். மூலப்படம் மங்கியபடியே இருக்கும்.

உறை, பெட்டி, குளிர்

நீங்கள் ஒட்டும் பத்துக் கிழிசலைவிட, நல்ல உறைக்கு மாற்றும் ஒரு பெட்டி அதிகப் படங்களைக் காப்பாற்றும். அமிலமில்லாத தாள் என்று அட்டையில் எழுதியிருப்பது போதாது. உறைப் பொருள் படத்தைப் பாதிக்குமா என்று பார்க்கும் ஐஎஸ்ஓ 18916 என்ற ஒளிப்பட வினைச் சோதனையில் தேறியதா என்று கேளுங்கள். உறையின் மேல் எழுத வேண்டியதை எழுதிவிட்டுப் படத்தை உள்ளே வையுங்கள். உள்ளே வைத்துவிட்டு எழுதினால் பென்சில் அழுத்தம் படத்தில் பதியும்.

எமல்ஷன் பெயர்ந்த படத்துக்குப் பாலியெஸ்டர் உறை ஆகாது, அதன் மின்னூட்டம் செதில்களை இழுத்துவிடும். நீலநிறப் பட வகையான சயனோடைப்புக்குக் காரம் கலந்த தாள் ஆகாது, அந்த நீலம் காரத்தில் வெளுக்கும். கண்ணாடி நெகட்டிவ்களை நான்கு மடல் தாளுறையில் போட்டு நீளமான விளிம்பில் நிற்க வையுங்கள். உடைந்தவை மட்டும் படுத்திருக்கட்டும். பெட்டியின் வெளியே 'கண்ணாடி, கனம்' என்று பெரிதாக எழுதுங்கள்.

ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள், ஏற்ற இறக்கம் இல்லாமல் இருந்தால் பெரும்பாலான கறுப்பு வெள்ளைப் படங்கள் அமைதியாக இருக்கும். வண்ணப் படங்களும் பிலிம்களும் குளிரைக் கேட்கும். வண்ணப் படத்தின் சாயம் இருட்டிலும் மங்கிக்கொண்டேதான் இருக்கிறது, குளிர்தான் அதைத் தள்ளிப்போடும். அசிட்டேட் பிலிம் சிதையும்போது காடி வாசனை வரும். மூக்குக்கு எட்டும்போது நிலைமை ஏற்கெனவே முற்றியிருக்கும். அதனால் ஏ-டி காகிதப் பட்டைகளைப் பெட்டிக்குள் போட்டு வைப்பார்கள். நீலம் பச்சையாகி மஞ்சளாக மாறும் வேகம் அமிலத்தின் அளவைச் சொல்லும்.

1889 முதல் 1950களின் தொடக்கம் வரை பயன்பட்ட நைட்ரேட் பிலிம் வேறு மாதிரி ஆபத்து. எரியத் தேவையான ஆக்ஸிஜன் அதற்குள்ளேயே இருப்பதால், பற்றிக்கொண்டால் தண்ணீருக்குள்ளும் எரியும். ஓரத்தில் 'சேஃப்டி' என்று அச்சாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் சந்தேகப்பட்டுத் தனியாக எடுத்து வைத்து, உடனே தெரியப்படுத்துங்கள்.

குளிர் அறையிலிருந்து எடுத்த பொட்டலத்தை உடனே பிரிக்காதீர்கள். மூடியபடியே ஒரு நாள் வெளியே வைத்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறங்கள். அவசரப்பட்டால் படத்தின் மேல் பனித்துளி படியும்.

காட்சிக்குப் போகும்போது

மென்மையான படங்களுக்கு 50 லக்ஸ் வெளிச்சம் என்பது பரவலான வழக்கம். ஆனால் எண்ணை மட்டும் பார்க்காமல் கூட்டிப் பாருங்கள். 50 லக்ஸில் நாளுக்கு 8 மணி நேரம், 90 நாள் என்றால் 36,000 லக்ஸ் மணி. அதே படம் அடுத்த ஆண்டும் வேண்டும் என்று காட்சிப் பிரிவு கேட்கும்போது, இந்தக் கணக்கை மேசையில் வைத்துப் பேசினால் பேச்சு எளிதாகும். மறுக்கத் தெரிவதும் இந்த வேலையில் ஒரு திறமை. படம் காட்சிக்குப் போகுமுன்பும் திரும்பி வந்த பின்பும் ஒரே இடங்களில் படத்தின் அடர்த்தியை, அதாவது எவ்வளவு கருமை என்பதை, அளந்து எழுதுங்கள். சயனோடைப் மட்டும் ஒரு விந்தை செய்யும். வெளிச்சத்தில் வெளுத்தது இருட்டில் ஓரளவு திரும்பும்.

தண்ணீர் புகுந்தால்

ஈரமான படங்களில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சணம் தொடங்கிவிடும். கொலோடியன் தட்டுகள், ஆம்ப்ரோடைப், டின்டைப் ஆகியவற்றை முதலில் எடுத்து, படம் மேலே பார்க்கக் காற்றில் உலர்த்துங்கள். இவற்றை உறைய வைக்கவே கூடாது. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட ஜெலட்டின் படங்களைக் காய விடாதீர்கள், காய்ந்தால் பிரியாது. சுத்தமான குளிர்ந்த நீரில் வைத்து ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். எண்ணிக்கை கைமீறிப் போனால், ஜெலட்டின் படங்களைப் பொட்டலமாகக் கட்டி உறைய வைத்து நேரம் வாங்கலாம். எந்தப் பெட்டியை முதலில் தூக்குவது என்ற பட்டியல் மழைக்கு முன்பே சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

எப்படிப் படிப்பது, எங்கே தொடங்குவது

வேதியியலில் பயமில்லாத அளவு அறிவும், தாள் பாதுகாப்பில் பயிற்சியும் இருந்தால் நல்ல அடித்தளம். அமெரிக்காவில் டெலவேர் பல்கலைக்கழகமும் வின்டர்தர் அருங்காட்சியகமும் சேர்ந்து நடத்தும் முதுகலைப் படிப்பில் ஒளிப்படத்தைச் சிறப்புப் பாடமாக எடுக்கலாம். படிப்பு எதுவானாலும், ஓர் உப்புத்தாள் படத்தையும் ஓர் அல்புமென் படத்தையும் உங்கள் கையாலேயே செய்து பாருங்கள். முட்டை வெண்கருவை அடித்து, உப்புச் சேர்த்து, தாளை அதில் மிதக்கவிட்டு எடுக்கும்போது ஓரத்தில் ஒரு குமிழி மாட்டிக்கொள்ளும். 150 ஆண்டுக்கு முந்தைய படத்தில் அதே வட்டத் தழும்பைப் பிறகு பார்க்கும்போது, அது சேதமா தயாரிப்புக் குறையா என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

முதல் வாரத்துக்கு என் ஆலோசனை இதுதான். சாதாரணமான, யாரும் அவசரமாகக் கேட்காத ஜெலட்டின் படங்கள் பத்து எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக்கும் நிலை அறிக்கை எழுதுங்கள். அதே பத்தையும் உங்கள் மூத்தவரைத் தனியாக எழுதச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் எழுதி நீங்கள் எழுதாத வரிகளின் கீழே கோடு போடுங்கள். அடுத்த வாரம் இன்னும் பத்து.